மரக்கட்டையை நம்பிப் பாறையில் தொங்கலாமா?

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மரப்பட்டறை வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு பாறையேற்றம். நாங்கள் ஏறும் பாறையில் ஐந்து அங்குல அகலத்தில் ஒரு பிளவு மேல்வரை ஓடுகிறது. அந்த அளவுக்கு கேம் (பிளவுக்குள் செருகினால் விரிந்து பிடிக்கும் உலோகக் கருவி) வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பட்டறையில் கருவேலமும் தேக்கும் நிறையக் கிடக்கின்றன. ஆப்பு செதுக்கி, துளை போட்டுக் கயிறு கோத்துப் பயன்படுத்தலாமா? தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?"

செய்யலாம். ஆனால் எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துவிடுங்கள். கட்டையில் கயிற்று ஏணி மாட்டி, உடல் எடையை மெதுவாக ஏற்றி, மேலே நம்பகமான இன்னொரு கயிறு இருக்கும்போது ஏறுவதற்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். முன்னால் ஏறுபவர் விழுந்தால் பிடித்து நிறுத்த என்றால் வேண்டாம். ஏன் என்பது சோதனையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

யோசனை ஒன்றும் கிறுக்குத்தனமானதல்ல. ஆல்ப்ஸ் மலைகளில் அகலமான பிளவுகளுக்கு மர ஆப்புதான் வெகுகாலம் வழக்கம். 1955-இல் இத்தாலிய மலையேற்றக்காரர் வால்டர் பொனாட்டி அங்குள்ள ட்ரூ சிகரத்தின் தென்மேற்குத் தூணில் தனியாக ஏறியபோது அவருடைய மூட்டையிலும் மர ஆப்புகள் இருந்தன. அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேபிடான் என்ற பெரும்பாறையின் 'நோஸ்' பாதையை 1957-58-இல் ஏறியவர்கள், குப்பையில் கிடைத்த பழைய அடுப்பின் இரும்புக் கால்களையே அகலப் பிளவில் அடித்து ஏறினார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் 'ஸ்டோவ்லெக்' பிளவு என்றே பெயர். வேல்ஸில் பிளவுக்குள் கூழாங்கல்லைச் செருகி அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். 1950-களில் மரை நீக்கிய இயந்திர நட்டுகளைக் கயிற்றில் கோத்து, கல்லுக்குப் பதிலாகச் செருகினார்கள்; இன்று பாறையேற்றத்துக்கென்றே செய்யும் உலோகக் கட்டைகளுக்கும் 'நட்டு' என்றே பெயர். உங்களுக்கு உதவப்போவது சுத்தியால் அடிக்கும் ஆல்ப்ஸ் ஆப்பு அல்ல, இந்த வேல்ஸ் முறைதான். அடித்து இறுக்கிய ஆப்பு மழையில் ஊதி இறுகும், வெயிலில் சுருங்கித் தளரும். நேற்று பிடித்தது இன்று பிடிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. யாரோ எப்போதோ அடித்துவிட்டுப் போன ஆப்பு பாறையில் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, மரத்துக்கு வருவோம். எவ்வளவு வலுவான மரம் என்பதைவிட, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு ஓக் என்ற மேலைநாட்டுக் கடினமரத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். காய்ந்த வெள்ளை ஓக் மரத்தை நாரின் நீளவாக்கில் நசுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் வரை தாங்கும். குறுக்குவாக்கில் நசுக்கினால் 7 தான். இப்போது 60 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைச் சுவர் ஒருபோதும் முழுதாகப் பதியாது. கருங்கல்லில் துருத்தி நிற்கும் பொடிப் படிகங்கள் மட்டுமே தொடும். பத்தில் ஒரு பங்கு தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், நார் சுவருக்குச் சுவர் ஓடும் கட்டை 18 கிலோநியூட்டன் அழுத்தம் தாங்கும். நார் சுவரையொட்டி ஓடும் கட்டை இரண்டரைதான் தாங்கும். வழக்கமான ஆப்பு இந்த இரண்டாவது வகை. உராய்வைப் பொறுத்து, கயிற்றில் வரும் இழுப்பைப்போல ஒன்றரையிலிருந்து மூன்று மடங்கு அழுத்தம் சுவரில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே கட்டையைப் பிளவின் குறுக்கே, இரு சுவர்களுக்கும் நடுவில் பாலம்போல நிற்கும்படி செய்யுங்கள். வெட்டுமுகம்தான் பாறையைத் தொடவேண்டும். மேல்பக்கம் நீளமாகவும் கீழ்ப்பக்கம் சற்றுக் குட்டையாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு முனையிலும் 5 டிகிரி சாய்வு போதும். 60 மி.மீ. உயரக் கட்டையில் மேல் 130 என்றால் கீழ் 120 வரும். அதாவது ஒரு கட்டை 10 மி.மீ. வித்தியாசத்துக்குத்தான் ஆகும். மூன்று நான்கு அளவுகளில், ஒன்றோடொன்று கொஞ்சம் மேவும்படி செய்துகொள்ளுங்கள். பிளவு கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் மட்டுமே இது உட்காரும். இணையாக ஓடும் பிளவில் இப்படி அடிக்காமல் வைக்கும் எந்த மரக்கட்டையும் நிற்காது. அங்கே கேமோ, பிளவின் குறுக்கே நீட்டி இறுக்கும் குழாய்க் கருவியோ யாரிடமாவது இரவல் வாங்கத்தான் வேண்டும்.

தேக்கை விட்டுவிடுங்கள். அழகாக இழைபடும், ஆனால் எளிதில் பிளக்கும், எண்ணெய்ப்பசை வேறு. வண்டிச்சக்கரத்துக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் நம் ஆட்கள் கருவேலத்தைத் தேடிப் போனது சும்மா இல்லை. வைரம் பாய்ந்த பகுதியாக, கணு இல்லாமல், நார் முறுக்கில்லாமல் நேராக ஓடும் துண்டாகத் தேர்ந்தெடுங்கள். நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், ஈரமாக இருக்கும்போது ஓக் மரத்தின் வலு பாதியாகிவிடுகிறது, கருவேலம் மட்டும் விதிவிலக்காக இருக்காது.

துளை போடுவதாகச் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. இரண்டு துளை போட்டு 7 மி.மீ. கயிறு கோத்தால், துளைகளுக்கு நடுவே உள்ள 25 மி.மீ. மரத்தின் மேல்தான் கயிறு உட்காரும். அந்த இடத்தில் அழுத்தம் நாருக்குக் குறுக்காக வருகிறது. ஓக் கணக்கில் 1.2 கிலோநியூட்டனிலேயே, அதாவது ஓர் ஆள் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரத்திலேயே, கயிறு மரத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடும். துளையே வேண்டாம். கட்டையின் நட்டநடுவில் நாலு பக்கமும் சுற்றி 3 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, ஓரங்களை அரத்தால் உருட்டி, வளையக் கயிற்றை அதில் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இரண்டு இழையும் 60 மி.மீ. அகலத்தில் படிவதால் 6 கிலோநியூட்டன் அளவில்தான் நசுங்கத் தொடங்கும். நசுங்கினாலும் கண்ணுக்குத் தெரியும்படி பள்ளம் விழும், சட்டென்று உடையாது. கயிறு நைலானாக, பாறையேற்றத்துக்கென்றே விற்பதாக இருக்கட்டும். ஐரோப்பியத் தரப்படி 7 மி.மீ. துணைக்கயிறு குறைந்தது 9.8 கிலோநியூட்டன் தாங்கவேண்டும். முடிச்சு டபுள் ஃபிஷர்மேன், முடிச்சுக்கு வெளியே நீளும் வால் எட்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல்.

முனை பிளக்காமலிருக்க உலக்கைக்குப் பூண் போடுவதுபோல ஒன்று வேண்டும். மூலைகளைச் சீவி எண்கோணமாக்கி, முனையிலிருந்து 15 மி.மீ. தள்ளிக் கட்டுக்கம்பியை நெருக்கமாகச் சுற்றி எபாக்ஸி பூசினால் போதும். கம்பி பாறையைத் தொடக்கூடாது. வார்னிஷ், பெயின்ட் எதுவும் அடிக்காதீர்கள். வெடிப்பை மறைத்துவிடும், வெட்டுமுகமும் வழுக்கும்.

இனி சோதனை. தொங்கிக் குதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. மெக்கானிக் ஷெட்டில் பாரம் தூக்கப் பயன்படும் செயின் பிளாக் ஒன்றும், எடையைக் காட்டும் கொக்கித் தராசு ஒன்றும் வாடகைக்கு எடுங்கள். 1 கிலோநியூட்டன் என்பது தராசில் சுமார் 102 கிலோ. தரைமட்டத்தில் உறுதியான பெரிய பாறையில் இதே அளவுப் பிளவாகப் பார்த்துக் கட்டையை வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். பட்டறையில் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இழுத்தால், சட்டம் விரிந்து கொடுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும்; வழுவழு இரும்பு பாறையைப்போலக் கடிக்கவும் கடிக்காது. கட்டையின் மேல் ஈரச்சாக்கு போட்டு, இழுக்கும் கோட்டிலிருந்து விலகி நின்று இழுக்கவேண்டும். இறுகிய கம்பியும் சங்கிலியும் அறுந்தால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லமுடியாது.

ஒரே மரத்துண்டிலிருந்து ஐந்து கட்டைகளாவது உடையும்வரை இழுங்கள். அதில் இரண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து இழுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைந்ததில் உடைந்தது எதுவோ அதில் பாதிதான் உங்கள் கட்டைகளின் பலம். உலோக நட்டுக்கு ஐரோப்பியத் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 2 கிலோநியூட்டன், பெரிய நட்டுகளில் 10-க்கு மேல்கூடப் பொறித்திருக்கும். முன்னால் ஏறுபவர் விழும்போது மேலே பிளவில் செருகியுள்ள கருவியில் பல சமயம் 3 முதல் 6 கிலோநியூட்டன் வரை வரும், மோசமான விழுகையில் அதற்கு மேலும். உங்கள் கட்டை சராசரியில் இதைத் தாண்டக்கூடும். ஆனால் தொழிற்சாலையில் ஆயிரம் நட்டுகள் ஒன்றுபோல வருகின்றன. மரத்தில் பக்கத்துத் துண்டுக்குள் என்ன கணு ஒளிந்திருக்கிறது என்பது உடையும்போதுதான் தெரியும். விழுகைக்கு வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

பயன்படுத்தும் கட்டைகளை ஒவ்வொன்றாக 2 கிலோநியூட்டனில் ஒரு நிமிடம் இழுத்துப் பார்த்து, தேதியைச் சூட்டுக்கோலால் பொறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை கணீரென்று கேட்கும், உள்வெடிப்பு இருந்தால் 'டொக்' என்று செத்த ஓசை வரும். காடியில் 2 மி.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்ததும், கம்பிச்சுற்றைத் தாண்டி வெடிப்பு ஓடியதும் அடுப்புக்குப் போகட்டும். கயிற்றை மட்டும் மாற்றி அதே கட்டையை மறுபடி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.