ஆனையிறவு உப்பைக் கரைத்து இயந்திரத்தில் இடலாமா?

கேள்வி: என் தாயாருக்கு இளமையில் வந்த காசநோய் மருந்தினால் குணமாகிவிட்டது. ஆயினும் அதன் பின்னர் நுரையீரலில் புரொங்கியெக்ராசிஸ் என்னும் பாதிப்பு ஏற்பட்டு, நாள்தோறும் தடித்த சளி துப்புகிறார். இத்தகையோருக்கு உப்பு நீரை உள்ளிழுக்கக் கொடுப்பார்கள் என்று மெல்பேணில் வாழும் தங்கை கூறுகிறாள். மருந்து நீரை நுண்துளிகளாக்கி இழுக்கத் தரும் நெபுலைசர் இயந்திரம் வீட்டில் இருக்கிறது. ஆனையிறவு உப்பைக் கொதித்தாறிய நீரில் கரைத்து அதில் இடலாமா? அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் உண்டு.
— வாசகி, பருத்தித்துறை

பதில்: தங்கை கூறியது உண்மை. வீட்டில் கரைத்து இடுவதுதான் கூடாது.

புரொங்கியெக்ராசிஸில் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாக அகன்றுபோவதால், சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் வேலை கெட்டு, சளி தேங்குகிறது; தேங்கிய சளியில் பக்ரீரியாக்கள் பெருகுகின்றன. நம் உடல் நீர்மங்களுக்கு ஒத்த சேலைன் என்னும் உப்பு நீரில் 0.9 வீதம் உப்பு இருக்கும். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 வீதம். சிகிச்சைக்குப் பயன்படும் செறிந்த உப்பு நீரிலோ 3 முதல் 7 வீதம் வரை இருக்கும். இது நுண்துளிகளாகக் குழாய்களின் சுவரில் படியும்போது, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீரை இழுத்து, ஒட்டிக் கிடக்கும் சளியை இளக்குகிறது, இருமலையும் தூண்டுகிறது.

இம்முறை முதலில் புகழ்பெற்றது சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில்தான். அந்நோயுடன் அலைச்சறுக்கில் ஈடுபட்டு, கடலின் உப்புத் துளிகளை இழுத்த அவுஸ்திரேலிய இளைஞர்கள் சற்று நலமாக இருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தனர். பின்னர் 164 நோயாளர்களைக் கொண்டு 48 வாரங்கள் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், 7 வீத உப்பு நீரை நாளுக்கு இருமுறை இழுத்தவர்களுக்கு நோய் முற்றும் தடவைகள் குறைந்தன. தாயாருக்குள்ள நோயில் அத்துணை உறுதி இல்லை: பிரித்தானியாவில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், ஓராண்டு உப்பு நீர் இழுத்தும் நோய் முற்றும் தடவைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் சளியை வெளியேற்ற மிகவும் சிரமப்படுவோருக்கு அது இளகி வருவதே பெரும் ஆறுதல் என்பதால், மூச்சுப் பயிற்சி மட்டும் போதாதவிடத்து இதனை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

சமையல் உப்பில் அயடீனும் வேறு சேர்மானங்களும் இருக்கலாம். கரண்டியால் அளந்து செறிவைச் சரியாக அமைக்கவும் இயலாது. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர் போதும், ஏனெனில் வயிற்றில் அமிலம் காவல் இருக்கிறது. ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆகவே கிருமிநீக்கி அடைக்கப்பட்ட கரைசலையே வைத்தியரின் சீட்டுடன் வாங்க வேண்டும். முதல் தடவை வைத்தியசாலையிலேயே, சுவாசக் குழாய்களை விரிக்கும் சல்பியூற்றமோல் மருந்தை இழுத்த பின்னர், ஊதி வெளிவிடும் மூச்சின் வேகத்தை முன்னும் பின்னும் அளந்து கொடுக்கப்பட வேண்டும். செறிந்த உப்பு சிலருக்குக் குழாய்களைச் சுருக்கி இழுப்பை உண்டாக்கும், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. உப்பு நீர் இழுத்ததும் இயன் மருத்துவர் கற்பித்த முறையில் சளியை வெளியேற்றாவிட்டால், இளகிய சளி உள்ளேயே கிடக்கும்.

இரத்த அழுத்தம் குறித்து அதிகம் அஞ்ச வேண்டாம். 7 வீதக் கரைசலின் 4 மில்லிலீற்றரில் உள்ள உப்பு 0.28 கிராம் மாத்திரமே. ஊறுகாயையும் கருவாட்டையும் குறைப்பதே முக்கியம். சளியில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தாலோ, இழுப்பதை நிறுத்திவிட்டு மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதிப்பியுங்கள். ஒருமுறை வந்த காசநோய் திரும்பவும் வரக்கூடும்.

கேள்வி: உப்புப் போட்டு ஆவி பிடித்தால் இதே பயன் கிடைக்குமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: கிடைக்காது. ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதுதான் உங்கள் பானையிலும் நடக்கிறது: நீர் ஆவியாகிப் போக, உப்பு அடியில் தங்கிவிடுகிறது. நெபுலைசர் நீரை ஆவியாக்குவதில்லை, உப்போடு சேர்த்துத் துளிகளாக உடைக்கிறது.