400 கிலோ எதைச் சொல்லும்?

வணக்கம் ஐயா,

வயது 47, எடை 78 கிலோ. இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 110, பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது) 75, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) 140 கிலோ. மூன்றும் ஒரே ரெப் மேக்ஸ், அதாவது ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடை. மூன்றையும் கூட்டினால் வரும் பவர்லிஃப்டிங் டோட்டல் 325. "400 தொட்டால்தான் பலம் இருக்கிறது என்று அர்த்தம்" என்கிறார் கோச். ஓய்வில் பி.பி. 136/88 காட்டுவதால், மேக்ஸ் போடுவதே தப்பு என்கிறார் டாக்டரான என் மைத்துனர். பவர்லிஃப்டிங் டோட்டலை வலிமைக்கும் ஆரோக்கியத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா? பெல்ட் கட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

முதலில் அந்த 325ஐயே கொஞ்சம் சந்தேகப்படுவோம். போட்டியில் ஸ்குவாட் செல்லுபடியாக வேண்டுமானால், இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே இறங்க வேண்டும். தொடை தரைக்கு இணையாக வந்தால் போதாது. எதிரே இருக்கும் கண்ணாடியில் இது தெரியாது. போனை முட்டி உயரத்தில், பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். நாலு விரல் மேலேயே நின்றுவிடும் ஸ்குவாட்டை முழுக்க இறக்கினால் 110 என்பது 90 ஆகிவிடலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி நெஞ்சின் மேல் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் "பிரஸ்" என்பார். நெஞ்சில் மோதி எம்பிய 75 அங்கே கணக்கில் வராது. பிட்டம் பலகையை விட்டு எழும்பினாலும் அப்படித்தான்.

டெட்லிஃப்டில் தட்டின் அளவைக் கவனியுங்கள். போட்டியில் பயன்படும் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ., ஆகவே கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். 10 கிலோ சின்னத் தட்டுகளையே வரிசையாகக் கோத்தால் கம்பி அதைவிடத் தாழ்ந்து கிடக்கும். அதை எடுக்கக் கூடுதலாகக் குனியும்போதுதான் பலருக்கு அடிமுதுகு வளைகிறது. தட்டுக்கடியில் ரப்பர் பாயோ பலகையோ கொடுத்துச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பியையும் ஒருமுறை தராசில் போடுங்கள். போட்டிக் கம்பி 20 கிலோ. உள்ளூரில் வார்த்த கம்பிகளும் தட்டுகளும் அவற்றில் எழுதியிருக்கும் எடைக்கு அப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

நொட்டை சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தக் கறார்தான் பவர்லிஃப்டிங்கின் மதிப்பே. ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று வாய்ப்பு, மூன்று நடுவர்கள், அவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட வேண்டும். நானும் பலசாலிதான் என்ற வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அது அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த மூன்று அசைவுகளில், ஒரே ஒரு முறை, உங்களால் எவ்வளவு முடியும் என்பதை. கை நீளமானவருக்கு டெட்லிஃப்டில் லாபம், பெஞ்ச் பிரஸ்ஸில் நட்டம். முதுகை வில்லாக வளைத்து, கம்பியை அகலப் பிடித்து, ஓரிரு அங்குலம் மட்டும் நகர்த்திப் பெரிய எடை காட்டியவர்கள் உண்டு. முழங்கை தோள் மட்டத்துக்காவது இறங்கியாக வேண்டும் என்று சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2023இல் விதி போட வேண்டி வந்தது. நம் ஊர் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். உருண்டைக் கல், பிடிக்க இடம் கிடையாது. குனிந்து அணைத்து, தொடைக்கும் நெஞ்சுக்கும் ஏற்றி, தோளைத் தாண்டிப் பின்னால் தள்ள வேண்டும். 200 கிலோ டெட்லிஃப்ட் எடுப்பவரும் முதல் நாள் அதனிடம் திணறுவார். அதுவும் வலிமைதான், வேறு மாதிரி.

இனி ஆரோக்கியம். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வு 2015இல் வெளியானது. கைப்பிடி வலு 5 கிலோ குறைவதோடு மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் வாங்கிக் கையை மட்டும் பிசைகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போலத்தான் அந்தக் கைப்பிடி. பதம் பார்த்த பருக்கையை மட்டும் வேகவைத்து என்ன செய்ய?

கனமான எடை தூக்குவதால் நன்மை உண்டா என்றால், உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்பார்வையில் டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் தலைக்கு மேல் பிரஸ்ஸும் செய்தார்கள். 5 செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் 5 ரெப், மேக்ஸில் 85 சதவீதத்துக்கு மேல். கூடவே, குதித்துத் தரையில் இறங்கும் ஒரு பயிற்சி. 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அங்கே யாருக்கும் 400 இலக்காக இருக்கவில்லை. பலமே இல்லாதவர் ஓரளவு பலம் பெறுகிற கட்டத்தில்தான் உடம்புக்கு வருமானம் அதிகம். என் கணிப்பில் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். 325க்கும் 400க்கும் நடுவில் இருக்கும் 75 கிலோ விளையாட்டு. ஆசை இருந்தால் தாராளமாக விளையாடலாம். 40 முதல் 49 வயதுக்காரர்களுக்கு மாஸ்டர்ஸ் பிரிவு இருக்கிறது, உங்கள் எடைக்கு 83 கிலோ பிரிவில் நிற்கலாம். ஆனால் உடல் எடை ஏற ஏற டோட்டலும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். தொந்தி வைத்து 92 கிலோ ஆகி 400 தொட்டீர்களானால் கோச் கைதட்டுவார், பி.பி. மெஷின் தட்டாது. வாரம் 150 நிமிட வேக நடையும் இதே கணக்கில் சேர வேண்டியது. டோட்டலில் அது தெரியவே தெரியாது.

மைத்துனரின் பயம் காரணமில்லாததல்ல. 1985இல் கனடாவில் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, கனமான லெக் பிரஸ்ஸில் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) சராசரி அழுத்தம் 320/250 வரை போனது. மூச்சை அடக்கி முக்குவதும், சுருங்கும் தசை குழாய்களை நெரிப்பதும் காரணம். எடையை இறக்கியதும் சில நொடிகளில் அழுத்தமும் இறங்கிவிடும். கவனிக்க வேண்டியது, மேக்ஸ் போட்டால்தான் இது என்றில்லை. இனி ஒரு ரெப்கூட முடியாது என்கிற வரை இழுக்கும் செட்டிலும் இதே நிலைதான். ஓய்வில் 180/110க்கு மேல் இருப்பவர் கம்பியைத் தொடவே கூடாது. 136/88 அந்த வகை அல்ல, ஆனாலும் அலட்சியம் வேண்டாம். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதி, மைத்துனரிடமே காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு வலிமையை அளந்து பார்க்கலாம்.

அதுவும் மேக்ஸாக வேண்டாம், ஐந்து ரெப்பாக. உங்கள் 110 முழு ஆழத்தில் எடுத்ததுதான் என்றால், ஸ்குவாட்டுக்கு வெறும் கம்பியில் 8, பிறகு 50 கிலோவில் 5, 70இல் 3, 80இல் 1, கடைசியில் 90இல் 5. முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப் மிச்சம் இருக்க வேண்டும். மூச்சை ஒவ்வொரு ரெப்பிலும் எழும்போது விட்டுவிடுங்கள். எடையை ரெப்பால் பெருக்கி 30ஆல் வகுத்து, வருவதை எடையோடு கூட்டினால் மேக்ஸ் எவ்வளவு என்று ஏறக்குறையத் தெரியும்: 90 × 5 ÷ 30 = 15, ஆக 105. மிச்சம் வைத்ததால் கொஞ்சம் குறைத்தே காட்டும், பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே கம்பி, அதே ஆழம். முட்டி உள்ளே சாய்ந்தாலோ முதுகு வளைந்தாலோ அந்த ரெப்போடு கணக்கை முடித்துவிடுங்கள். கம்பியைத் தாங்கும் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை உங்கள் முழு ஆழத்துக்கு ஓர் அங்குலம் கீழே மாட்டுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் பின்னால் ஆளும் இல்லை, பாதுகாப்புக் கம்பியும் இல்லை என்றால் தட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டைக் கொட்டிவிட்டுத் தப்பலாம். பெருவிரலைச் சுற்றாமல் கம்பி பிடிப்பதை இன்றோடு விடுங்கள்.

பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வயிறு முட்டித் தள்ளுவதற்கு அது ஒரு சுவர். அந்த அழுத்தத்தில்தான் முதுகெலும்பு விறைத்து நிற்கிறது. வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்கு அது வெறும் தோல்வார். ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கட்டுங்கள். வார்ம்-அப் எல்லாம் பெல்ட் இல்லாமல், கடைசிக் கனமான செட்டுக்கு மட்டும் போதும். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால், 10 செ.மீ. அகலத்துக்கும் 13 மி.மீ. தடிமனுக்கும் மேற்படாததாகப் பார்த்து வாங்குங்கள்.