எரிமலைத் தீவில் என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பாலித் தீவுப் படங்கள் வந்தாலும் வந்தது, கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாமே எரிமலைத் தீவு பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, மே மாதம் நானும் கணவரும் பத்தாம் வகுப்பு எழுதிய மகனும் பாலி போகிறோம். ஏஜென்ட் கொடுத்த ஐந்து நாள் திட்டத்தில் பத்தூர் மலையேற்றம், ராஃப்டிங், பெரிய ஊஞ்சல், ஈஜென் நீல நெருப்பு எல்லாமே இருக்கிறது. இதில் எதை விடலாம்?
— கம்பம் வாசகி

ஈஜெனை முதலில் வெட்டிவிடுங்கள். அது பாலியிலேயே இல்லை, பக்கத்து ஜாவா தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. ராத்திரி முழுக்க வண்டி, நடுவில் படகு, தூக்கமில்லாமல் நடுச்சாமத்தில் ஏற்றம், மேலே கந்தகப் புகை, முகமூடி, திரும்பவும் அதே வழியில் பயணம். கந்தக வாயு தீப்பிடித்து நீலமாக எரிவது அபூர்வமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க ஜாவாவுக்கென்று தனியாக மூன்று நாள் ஒதுக்கிப் போக வேண்டும், ஐந்து நாள் பாலிக்குள் திணித்தால் அடுத்த நாள் மூன்று பேரும் ஓட்டலில் படுத்துக் கிடப்பீர்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

பத்தூரை விடாதீர்கள். உயரம் 1,717 மீட்டர், ஆனால் வண்டியே பாதி உயரத்துக்கு மேல் கொண்டுபோய் விடுவதால் நீங்கள் நடப்பது இரண்டு மணி நேரம்போல இருக்கும். விடியலுக்கு முன் உச்சியில் இருக்க வேண்டும் என்பதால் உபுத் பக்கம் தங்கியிருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கே ஆள் வந்து கதவைத் தட்டுவார். கொழுக்குமலை சூரிய உதயம் பார்த்திருப்பீர்கள், அங்கே ஜீப் உச்சி வரை கொண்டுபோய்விடும், இங்கே காலை நம்பித்தான் போக வேண்டும். மேலே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் ஆவி வருமிடத்தில் கைடுகள் முட்டை வேகவைத்துக் கொடுப்பார்கள். உதயம் முடிந்ததும் எல்லோரும் இறங்கத் தொடங்குவார்கள், நீங்கள் அரைமணி நேரம் கூட இருந்து பள்ளத்தைச் சுற்றிப் பாருங்கள். கீழே ஏரி, எதிரே ஆகுங் மலை, பக்கத்தில் பழைய எரிமலைக் குழம்பு கருப்பாக உறைந்து கிடக்கும் வெளி, இதெல்லாம் வெளிச்சம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஏற்றத்தைவிட இறக்கம் கஷ்டம். கால் வைத்தால் பொடிக்கல் சறுக்கும், முட்டி வாங்கும். அதனால் போவதற்கு ஒரு மாதம் முன்பே காலையில் ஏற்றமான சாலையாகப் பார்த்து நடந்து பழகுங்கள். அன்றைக்கு மதியம் வேறெதுவும் வைக்காமல் ஏரிக்கரையில் தோயா புங்கா வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்துவிடுங்கள். ராஃப்டிங் வேறொரு நாள் போகலாம். ஆயுங் ஆறு முதல்முறை போகிறவர்களுக்குச் சரியாக இருக்கும், படகில் ஏறுவதற்கு இறங்க வேண்டிய படிகளும் முடித்துவிட்டு ஏற வேண்டிய படிகளும்தான் நிறைய. ஊஞ்சல் போட்டோவுக்கு மட்டுந்தான், வரிசையில் நிற்கும் நேரத்துக்கு அது தகாது.

அந்த நேரத்தைத் துலாம்பென் கடற்கரைக்குக் கொடுங்கள். ஏஜென்ட் திட்டத்தில் இது இல்லாததுதான் எனக்கு வருத்தம். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியிருந்தார்கள். 1963-ல் ஆகுங் வெடித்தபோது வந்த நில அதிர்வில் அந்தக் கப்பல் கரையிலிருந்து கடலுக்குள் சரிந்தது. இப்போது அதன் மேல் பவளம் வளர்ந்து மீன்கள் குடியிருக்கின்றன. கரையிலிருந்து கொஞ்ச தூரந்தான், மேல் பகுதி ஆழமில்லாததால் மூச்சுக்குழாய், கண்ணாடி மாட்டி மிதந்தபடியே பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வர வேண்டும். கரை முழுக்க உருண்டைக் கருங்கல், வெறுங்காலில் நடக்க முடியாது.

கேள்வி: நம் மேகமலை, போடிமெட்டு எல்லாம்கூட எரிமலையால் உண்டானவைதானா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— உத்தமபாளையம் ஆசிரியர்

இல்லை. நம் பக்கத்து மலைகள் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான மிகப் பழைய பாறைகள், சார்னோக்கைட், நைஸ் வகை. எரிமலைப் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்கு, மகாபலேஷ்வர் பக்கம் போக வேண்டும். அங்கே படிப்படியாக அடுக்கிய மாதிரித் தெரிவதெல்லாம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அலையலையாக வழிந்து உறைந்த குழம்பு.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். அந்தக் குழம்பைக் கக்கிய சூடான ஊற்று பூமிக்கடியில் இன்னும் அணையவில்லை என்றுதான் புவியியலாளர்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர நகர, ஊற்றுக்கு மேலே வந்த கடற்தளத்தில் வரிசையாக எரிமலைகள் எழுந்தன. லட்சத்தீவும் மாலத்தீவும் நிற்கும் கடலடி மேடு அப்படி வந்தது, சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீஷியஸ் வந்தது, கடைசியாக மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸ் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவு. இன்றைக்கு ரீயூனியனில் குழம்பு வழிகிறதே, அதற்கும் தக்காணப் பீடபூமிக்கும் ஊற்று ஒன்றுதான். உலக வரைபடத்தில் அந்த வரிசையைப் பிள்ளைகளை விட்டே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஏலத்தோட்டம். ரீயூனியன் தீவில் நம் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மலை, காடு, தோட்டம் பார்க்கப் பிடிக்கும், பீச்சில் படுத்துக் கிடக்கப் பிடிக்காது. அங்கே போகலாமா?
— வண்டன்மேடு வாசகர்

உங்களுக்கென்றே செய்த தீவு, தாராளமாகப் போங்கள். பிரான்சின் பகுதி என்பதால் செலவு யூரோவில், பேச்சு பிரெஞ்சிலும் கிரியோல் என்ற உள்ளூர் மொழியிலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், கோயில்கள் இருக்கின்றன, காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. அவர்கள் கோயிலுக்குப் போனால் சுற்றுலாப் பயணியாகப் போய் படம் எடுத்துக்கொண்டே நிற்காமல் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டு வாருங்கள், சந்தோஷப்படுவார்கள்.

மலைக்கு வருவோம். பிதோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பாஸ் தெ பெல்கோம்ப் என்ற விளிம்பு வரை சாலை போகிறது. அதற்கு முன் ஒரு சமவெளி வரும், செம்பழுப்பு மணலும் கல்லும் தவிர ஒரு செடி பெரிதாகக் கண்ணில் படாது, அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் நடங்கள். விளிம்பிலிருந்து 500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் உறைந்த குழம்பின் மேலேயே நடக்கிறோம். வழி தெரிவதற்குப் பாறையில் வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார்கள், பனிமூட்டம் வந்தால் அந்தப் புள்ளிதான் துணை. கீழே ஃபோர்மிகா லியோ என்று ஒரு சின்னக் கூம்பு இருக்கிறது, அதுவரை போய்த் திரும்பினாலே நிறைவாக இருக்கும். உடம்பு ஒத்துழைத்தால் பெரிய பள்ளத்தின் விளிம்பு வரை போகலாம், போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். 2007 ஏப்ரலில் நடந்த வெடிப்பின்போது அந்தப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. பகல் ஏற ஏற மேகம் மூடிவிடும் என்பதால் விடிகாலையில் தொடங்கிவிட வேண்டும்.

அடுத்து மஃபாத். பழைய எரிமலை சரிந்தும் அரித்தும் உண்டான மலைக்கிண்ணம், உள்ளே ஊர்கள் இருக்கின்றன, சாலை கிடையாது. சாமான்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன, மனிதர்கள் நடக்கிறார்கள். நீங்களும் நடந்தே போய் ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள், தங்கும் விடுதிக்கு முன்பதிவு அவசியம். ஹெலிகாப்டரில் மேலே சுற்றிக் காட்டும் சவாரியும் விற்கிறார்கள், முட்டி முடியாதவர்களுக்கு அது வரம். உங்களுக்குத் தேவையில்லை என்பேன்.

தோட்டக்காரர் என்பதால் வெனிலா தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். நம் மலையிலும் வெனிலா போட்டு விலை ஏறியதையும் விழுந்ததையும் பார்த்தவர்கள் இருக்கிறோம். அப்போது பூ பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்தோமே, அந்த முறையை 1841-ல் இந்த ரீயூனியனில் கண்டுபிடித்தது எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அடிமையாக இருந்த பிள்ளை. உலகம் முழுக்க வெனிலா பயிரானது அந்தப் பிள்ளையின் கைவேலையால்தான். அதை அந்த மண்ணில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலில் மட்டும் கவனம். சுறா தாக்குதல்களால் 2013 முதல் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத நீரிலும் காவலுள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் குளிக்கத் தடை. மே முதல் நவம்பர் வரை போங்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் காலம்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முட்டி வலி. மொரீஷியஸ் கூட்டிப்போக ஆசை. வெளியில் சுற்றிப் பார்க்க முடியுமா, இல்லை ஓட்டலிலேயே இருக்க வேண்டியதுதானா?
— கொழிஞ்சாம்பாறை வாசகி

ஓட்டலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சுற்றாதீர்கள்! மொரீஷியஸ் எரிமலைகள் இப்போது அடங்கியவை. கூர்ப்பிப் ஊரில் த்ரூ ஓ செர் என்ற பழைய எரிமலை வாய் வரை காரிலேயே போகலாம், மேலே சுற்றிச் சாலை இருக்கிறது, உள்ளே மரங்கள் அடர்ந்த பள்ளம். சமரேலில் எரிமலைப் பாறை மக்கி ஏழு நிறமாகக் கிடக்கும் மண்மேடுகளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கங்கா தலாவ் ஏரியும் ஒரு எரிமலைப் பள்ளம்தான், கரையிலேயே சிவன் கோயில், அம்மாவுக்கு அங்கே அரை நாள் கொடுங்கள். கடலில் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, உட்கார்ந்தபடியே பவளம் பார்க்கலாம். லெ மோர்ன் மலையில் மேல் பகுதி செங்குத்து. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள், அம்மா கீழே கடற்கரையில் இருக்கட்டும்.

கேள்வி: எரிமலை திடீரென்று வெடித்தால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.
— போடி வாசகர்

அந்தப் பயம் நியாயமானது, விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்த ஊர் நம்முடையது. மலை எப்படி மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வகாரி தீவு வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். மூன்று வாரம் முன்பே அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை உயர்த்தியிருந்தார்கள், சுற்றுலா மட்டும் நிற்கவில்லை. ஆகவே ஏஜென்ட் "ஒன்றும் ஆகாது" என்றால் அதைக் காதில் வாங்காதீர்கள். இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள், மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளத்தில் அன்றைய நிலையைப் பார்க்கலாம். முதல் நிலையைத் தாண்டினால் ஏறாதீர்கள், கட்டிய பணம் போனாலும் சரி. ரீயூனியனில் வெடிப்பு தொடங்கினால் உள்ளே போகும் வழியை மூடிவிடுவார்கள், அப்போது தூரத்து மேட்டிலிருந்து ராத்திரியில் குழம்பு ஓடுவதைப் பார்க்கலாம், பாதுகாப்பாகப் பார்க்க அதுதான் வழி. 2017 நவம்பரில் ஆகுங் சாம்பலால் பாலி விமான நிலையமே மூடிக் கிடந்தது. பயணக் காப்பீடு எடுங்கள், திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகும்படி டிக்கெட் போடாதீர்கள்.

கேள்வி: சாதாரண ரன்னிங் ஷூ போதுமா?
— கூடலூர் வாசகர்

தேய்ந்ததாக இருந்தால் போதாது. குழம்புப் பாறை கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும், அடிப்பகுதி தடித்துப் பல் பல்லாக இருக்கும் ஷூ வேண்டும், புதிதாக வாங்கினால் இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். முழுக்கால் பேண்ட், விழுந்தால் கை கிழியாமலிருக்க கையுறை, தலையில் மாட்டும் டார்ச், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கருங்கல் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும், தொப்பியை மறக்க வேண்டாம். கல்லை நினைவுக்கு என்று எடுத்து வராதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது குற்றம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், பாஸ்போர்ட் இல்லை, பணமும் குறைவு. எரிமலை பார்க்க வழி உண்டா?
— குமுளி வாசகர்

அந்தமான் இருக்கிறது தம்பி. இந்தியாவில் இப்போதும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை பாரன் தீவு, போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 140 கிலோமீட்டர். நீண்டகாலம் அடங்கியிருந்து 1991-ல் மறுபடி விழித்தது. கரையிறங்க அனுமதி இல்லை, கப்பலிலிருந்து பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும், செலவும் உன் கைக்கு அடங்காது. உனக்கு பாராடாங் தீவு ஒத்துவரும். அங்கே சேற்று எரிமலை இருக்கிறது, குழம்பு வராது, வாயு அழுத்தத்தில் சேறு குமிழிட்டு வெளிவரும். அதோடு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் நடந்து பார்க்கும் சுண்ணாம்புக் குகையும் உண்டு, எனக்கு அந்தப் படகு வழிதான் சேற்று எரிமலையைவிடப் பிடிக்கும். சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்க வேண்டும். அவர்களைப் படமெடுப்பதும் அவர்களுக்கு எதையாவது கொடுப்பதும் குற்றம், அவர்களைப் பார்க்கக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறாதே. கடல் வழிப் படகு ஓடும் நாளைத் துறைமுகத்தில் விசாரித்து அதில் போ. சென்னையிலிருந்து கப்பலும் இருக்கிறது, மூன்று நாள் ஆகும், மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் ஜனவரி, பிப்ரவரியாகப் பார்த்து டிக்கெட் எடு.