கருப்பட்டிக் காப்பியில் தெளிந்தாரா? அப்படியென்றால் விடக்கூடாது

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் சனிக்கிழமைதோறும் சத்துணவுச் சமையல் சொல்லிக் கொடுக்கிறேன். தவிடு நீக்காத அரிசி, கேழ்வரகு, பயறு, கீரை, வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டி. போன வாரம் 62 வயது அக்கா ஒருவர் வகுப்பில் வியர்த்து நடுங்கி, ஏதேதோ பேசினார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம், தெளிந்துவிட்டார். மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) விஷம், தேங்காய் எண்ணெய் ஆகாது, முருங்கைக்கீரை பிரஷரை இறக்கிவிடும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. நான் சொல்லிக் கொடுத்த எதனால் இது வந்தது? வகுப்பை நிறுத்திவிடவா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் முதல் இரண்டு பக்கமும் வாட்ஸ்அப் பயங்கள். எனக்கு வேண்டிய வரி கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதியது போல இருந்தது: “அக்கா சுகருக்கு மாத்திரை போடுகிறவர்தான். வகுப்புக்கு வர ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி சோற்றை விட்டுவிட்டார். அன்று காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார்.”

விஷயம் இவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அன்று அவருக்கு வந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரை, நம் ஊர்ப் பேச்சில் லோ சுகர். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே தாழ்வு. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பித்துவிடும்.

உங்கள் சமையலில் குற்றமில்லை. இன்னும் சொன்னால், அது வேலை செய்ததால்தான் இப்படி ஆயிற்று. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இலையில் என்ன விழுந்தது என்று பார்த்துச் சுரக்க வைக்க அவற்றுக்குத் தெரியாது. மூன்று வேளையும் குவித்துச் சோறு சாப்பிட்ட பெண்ணுக்கு எழுதிய அளவை, அரைக் கிண்ணம் பயற்றுக் கஞ்சியும் கீரைத் தோரனும் (தேங்காய் போட்ட பொரியல்) சாப்பிடுகிற பெண் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார். மாத்திரையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குறைக்க வேண்டியது அவருடைய டாக்டர். நீங்களும் அல்ல, அக்காவும் அல்ல, யூடியூபும் அல்ல. “சாப்பாட்டிலேயே சுகர் சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு” என்று நிறுத்திவிட்டு, 400, 500 என்று ஏற்றிக்கொண்டு வருகிறவர்களையும் மாதாமாதம் பார்க்கிறேன்.

கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், துருவிய பூவை அப்படியே வைத்துவிட்டுச் சிரட்டையை எடுத்துச் சட்டியில் போட்டார், எல்லோரும் சிரித்தோம் என்று. அந்த இடத்தில்தான் கவனித்திருக்க வேண்டும். மற்ற பெண்களெல்லாம் அதே ஃபேனுக்குக் கீழே உலர்ந்திருக்க, ஒருவருக்கு மட்டும் ஜாக்கெட் முதுகோடு ஒட்டும்படி வியர்க்கிறது, கை நடுங்குகிறது, செய்கிற வேலை தடுமாறுகிறது, பேச்சு மாறுகிறது. சுகர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுகிறவரிடம் இதைப் பார்த்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். பிரஷருக்குச் சில மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாது. வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். பல வருடத்துக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் “தண்ணி போட்டிருக்கான்” என்று ஓரமாகக் கிடத்தியிருந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது, வாயில் சாராய வாடை இல்லை. சுகர் 38.

கருப்பட்டிக்கு வருவோம். சுகர்காரர்களுக்குக் கருப்பட்டி நல்லது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறீர்கள். தவறு. கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணம் உண்டு, மற்றபடி அதுவும் சர்க்கரைதான். சர்க்கரையாக இருப்பதால்தான் அன்று அக்கா தெளிந்தார்! அடுத்த வகுப்பில் இதை அப்படியே சொல்லுங்கள், யாருக்கும் மறக்காது.

ஆனால் தெளிந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஏறித் தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறார். இந்த வகை மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். வயதானவர், சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்தவர் என்றால் அதற்கு மேலும் நீளும். காப்பியில் ஏறிய சர்க்கரை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும், மாத்திரை உள்ளேயே இருக்கும், மறுபடி இறக்கும். ராத்திரித் தூக்கத்தில் இறங்கினால் சிரட்டையைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆள் இருக்காது. அதனால் தெளிந்தாலும் அன்றைக்கே தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு டப்பா குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். சீனி போதாதா என்று கேட்பீர்கள். வோக்லிபோஸ் என்ற மருந்து கலந்த மாத்திரையைப் பலர் போடுகிறார்கள். அது சீனியும் கருப்பட்டியும் உடைந்து ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸுக்கு அந்தத் தடை இல்லை. மூன்று டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் பாருங்கள், சரியாகவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் கஞ்சியோ இட்லியோ வயிற்றுக்குள் போக வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதோடு வேறு ஏதாவது சேர்ந்திருந்தாலோ, ஊசி போட்டாலோ, சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறது என்பதற்காகச் சுகர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), கருக்குத் தண்ணீர் (இளநீர்) எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இனி வாட்ஸ்அப். மரச்சீனி நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலிருந்தே இங்கே சோறாக இருந்த கிழங்கு. சயனைடு தரும் பொருள் அதில் இருப்பது உண்மை. தோலைச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, எதற்கு? பாட்டிமார் வேதியியல் படிக்கவில்லை, வேலையைச் சரியாகச் செய்தார்கள். கூடச் சாளைக் கறி இருந்தால் இன்னும் நல்லது, மீனின் புரதம் மிச்சம் மீதியை முறிக்க உடலுக்கு உதவும். சுகர்காரர் மரச்சீனியைச் சோற்றுக் கணக்கில் வைக்க வேண்டும், சோற்றுக்கு மேலே அல்ல. சிவப்பு அரிசியும் அரிசிதான், இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. தேங்காய் எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். முருங்கைக்கீரைத் தோரன் சாப்பிட்டு பிரஷர் இறங்கி விழுந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் குழுவில் பயப்பட வேண்டிய சாப்பாடு கருவாடும் ஊறுகாயும்தான். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம்.

இன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போங்கள். விடியற்காலையில் தலையணை நனைந்திருக்கிறதா, எழும்போதே தலைவலிக்கிறதா, கெட்ட கனவு வந்து விழிக்கிறாரா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாளைக் காலை மாத்திரை போடும் முன்பே டாக்டரிடம் போகட்டும். எதுவுமே இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் மாத்திரை அட்டையோடு போய்க் காட்டிவிட வேண்டும்.