2003 ஈராக் போரை அத்தனை பேர் எதிர்த்தது ஏன்?

ஈராக் அதிபர் சதாம் உசேன் கொடுங்கோலர்தானே, அவரை அகற்றிய போரை ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் சதாமுக்காகப் பேசவில்லை. அப்படிச் சித்திரிப்பது போரை ஆதரித்தவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

என் பார்வையில் முதல் காரணம், ஆதாரம் போதவில்லை என்பது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் (அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்கள்) இருப்பதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாதிட்டார். ஆனால் அப்போது ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கிலேயே சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். மீதி வேலைக்குச் சில மாதங்கள் ஆகும் என்று மார்ச் 7 அன்று பிளிக்ஸ் சொன்னார். மார்ச் 20 அன்று அமெரிக்கா, பிரிட்டன் கூட்டணியின் படையெடுப்பு தொடங்கிவிட்டது. சரி, அப்படி என்ன அவசரம்? அப்புறம் அமெரிக்கா அனுப்பிய குழுவே தேடியும் ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்தது சட்டம். ஆயுதங்களைக் களைய ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்த ஐ.நா.வின் 1441ஆம் தீர்மானம் போருக்கு வெளிப்படையான அனுமதி தரவில்லை. போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்துக்குப் போதிய ஆதரவு இல்லாததால் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. சர்வதேச ஒப்புதல் இல்லாத போரை ஏற்க முடியாது என்று பிரிட்டன் அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார்.

எண்ணெய்க்காகத்தான் போர் என்ற முழக்கமும் பலமாக ஒலித்தது. எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் அமைதிவாதிகளும் அல்ல. போரைத் தொடங்கிய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் தந்தையும் முன்னாள் அதிபருமான மூத்த புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட், பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கையை இந்தப் போர் திசைதிருப்பிவிடும் என்று 2002 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தார்.