கோடு போடும் நூலில் டிசைன் சாக்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

காட்பாடி: அக்கா, மே மாதம் நம்ம ஊரில் 40 டிகிரி தாண்டுது. கம்பளி சாக்ஸ் யாருக்கு?

இங்கே போட யார் சொன்னது? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சல் போகத்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பின்னுங்கள், போதும்.

ஆற்காடு: நூல் தானாகவே கோடு போடுமாமே, எப்படி?

சாயத்தில்தான் விஷயம். சாதாரணப் பல வண்ண நூலில் சில அங்குலத்துக்கு ஒருமுறை நிறம் மாறுவதால் பின்னினால் திட்டுத்திட்டாக வரும், இதில் மீட்டர் கணக்கில் ஒரே நிறம் ஓடும். ஒரு சுற்று பின்ன, சாக்ஸின் சுற்றளவைப் போல் சுமார் மூன்று மடங்கு நூல் தேவை. 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), 20 செ.மீ. சுற்றளவு என்றால் சுற்றுக்கு ஏறக்குறைய 60 செ.மீ.; சிவப்பு 3 மீட்டர் இருந்தால் 5 சுற்று சிவப்பு. அதே நூலில் குழந்தைக்கு 48 கண்ணியில் பின்னினால் கோடு தடித்துவிடும்.

குடியாத்தம்: கஷ்டப்பட்டு லேஸ் டிசைன் (ஓட்டை ஓட்டையாக வரும் பின்னல்) போட்டேன், கோட்டுக்குள் ஒன்றுமே தெரியவில்லை. கேபிள் (ஜடை போல் முறுக்கி வரும் பின்னல்) போட்டால் தெரியுமா?

கேபிளும் தெரியாது. நிறம் இவ்வளவு சத்தம் போடும்போது நுணுக்கமான வேலை யார் கண்ணில் படும்? கோட்டோடு போட்டி போடாமல், கோட்டையே வளைக்கிற டிசைனாகப் பாருங்கள். ஓரிடத்தில் இரண்டு கண்ணி கூட்டி, சற்றுத் தள்ளி இரண்டு குறைத்து, இதையே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அதே இடங்களில் செய்துகொண்டே போனால், மொத்த எண்ணிக்கை மாறாமல் கோடு மட்டும் மேலும் கீழுமாக வளைந்து அலை அலையாக வரும், அப்போதுதான் இந்த நூலுக்குக் கொடுத்த காசு நியாயம். ஆனால் அலை டிசைன் அவ்வளவாக இழுபடாது, குதிகாலைத் தாண்டி ஏறாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் 64 போடுகிறவர் 72 போடுங்கள், பாதத்தின் அடிப்பக்கத்தை டிசைன் இல்லாத சாதாரணப் பின்னலாக விட்டுவிடுங்கள். இது சிரமம் என்றால், சில கண்ணிகளைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு நகர்த்துங்கள். கீழ்க்கோட்டின் நிறம் மேல்கோட்டுக்குள் எட்டிப் பார்க்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆம்பூர்: குதிகாலில் கோடு கலைந்துபோகிறது. வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நிற்பவர், அந்த இடம்தான் முதலில் ஓட்டையும் ஆகிறது.

மடிப்பு வைத்த குதிகாலில் பாதிக் கண்ணியில் மட்டும் போய்வருவதால் கோடு இரட்டிப்பாகும், பிறகு பக்கவாட்டில் கண்ணி எடுத்ததும் எண்ணிக்கை ஏறிக் கோடு மெலியும். குதிகாலைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அந்த இடம் வந்ததும் 32 கண்ணியை வேறு நிற வேஸ்ட் நூலால் பின்னி, அவற்றைத் திரும்ப இடது ஊசிக்கு மாற்றி, சாக்ஸ் நூலாலேயே மறுபடி பின்னிக்கொண்டு நேராகப் போய்விடலாம். எல்லாம் முடிந்தபின் வேஸ்ட் நூலை உருவினால் மேலும் கீழுமாகக் கண்ணிகள் கிடைக்கும், விரல் முனையைப் போலவே குறைத்து மூடிவிடலாம். நாளைக்கு ஓட்டையானால் குதிகாலை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னலாம். ஷூவுக்குள் தேய்கிறவர் என்பதால் அங்கே மெல்லிய நைலான் இழை ஒன்றையும் சேர்த்துப் பின்னுங்கள்.

ராணிப்பேட்டை: இரண்டு சாக்ஸும் ஒரே மாதிரி வரவே மாட்டேங்குது!

100 கிராம் உருண்டையைத் தராசில் வைத்து இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் அதே நிறம் மாறுகிற இடத்தில் தொடங்குங்கள். சில மீட்டர் வீணாகும், போகட்டும். ஒன்றை உருண்டையின் உள்ளிருந்தும் மற்றதை வெளியிலிருந்தும் இழுத்தால் நிற வரிசை தலைகீழாகிவிடும், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். எனக்கென்னவோ ஜோடி சேராத சாக்ஸே அழகு, ஆனால் மாமியார்கள் ஒப்புக்கொள்வதில்லை.

திருப்பத்தூர்: அக்ரிலிக்கில் பின்னலாமா?

பழகுவதற்குப் பின்னலாம். போட்டு நடக்க வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான் கலந்த நூலைத் தேடுங்கள். துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சாயம் வெளுத்துவிடும்.