வாஷிங் மெஷின்களை உள்நாட்டிலேயே செய்வது திரும்பி வருகிறதாமே, நம்பி வாங்கலாமா?

நாகர்கோவிலில் புது வீடு கட்டிக் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் எந்த மெஷினைக் காட்டினாலும் "இது இந்தியாவிலேயே செய்தது" என்று சொல்கிறார்களாம். பத்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா வாங்கப் போனபோது "இது இறக்குமதி" என்று பெருமையாகச் சொல்லி விற்றார்களாம். அப்படியென்றால் இப்போது தரம் குறைந்துவிட்டதா, கூடியிருக்கிறதா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாக வாங்குங்கள். தக்கலையைச் சுற்றி 23 வருஷமாக வாஷிங் மெஷின் பழுது பார்த்து வருகிறேன். இங்கே செய்த மெஷின் என்பதாலேயே ஒன்று சீக்கிரம் கெட்டதாக என் அனுபவத்தில் இல்லை. ஆனால் பில் போடச் சொல்வதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "ஏழு வருஷம் கழித்து இதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால், மாற்றுப் போர்டு என் வீட்டுக்கு எத்தனை நாளில் வரும்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்கு நம்மைப் போல் மாநிலத்தின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு அந்தப் பதிலில்தான் பயன் இருக்கிறது.

நான் மார்த்தாண்டத்தில் ஆசானிடம் தொழில் பழகிய காலத்தில், பழுதுக்கு வந்த மெஷின்களில் நிறைய வளைகுடாவிலிருந்து வந்தவை. வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலையில் இருந்த காலம். ஊருக்குத் திரும்பும்போது கப்பல் சரக்கில் மெஷினையும் அனுப்பிவிடுவார்கள். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில், சவூதியிலிருந்து வந்த மெஷின் ஒன்று துணியைச் சரியாகப் பிழியவில்லை, மோட்டாரும் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அம்மா என்னிடம், "மக்களே, அவரு அங்க வச்சிருந்தப்போ நல்லா சுத்திச்சாம். இங்க வந்ததும் இதுக்கு என்ன கேடு வந்துது?" என்று கேட்டார்.

ஆசான் எதையும் கழற்றவில்லை. பின்பக்கம் இருந்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்தார். 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று, நம்மிடம் 50. அந்த மாதிரி மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் கூடும். அதன் டைமரும் சின்ன மோட்டாரால் ஓடுவதுதான், அதனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய துவைப்பு 72 நிமிடம் இழுத்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது நம் ஊர் மின்சாரத்துக்காகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் ஒரு மெஷினைப் பார்த்தால் முதலில் பின்பக்கத் தகட்டைத்தான் படிக்கிறேன்.

உள்நாட்டில் செய்வது "திரும்பி வருகிறது" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்கப் போய்விட்டுத் திரும்பவில்லை. 80களின் கடைசியிலேயே டிவிஎஸ் குழுமமும் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்தன. புதுச்சேரியில் மெஷின் செய்ய ஆரம்பித்தது அந்தக் கூட்டுதான். வீடியோகான் ஔரங்காபாத்தில் செய்தது. நம் வீடுகளில் எத்தனையோ பேருடைய முதல் மெஷின் அதுதான். அந்த நிறுவனம் 2018ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஐஎஃப்பி கோவாவில் செய்கிறது. இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் ஒருநாளும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி முன்பக்கம் கதவு வைத்த ஃபிரன்ட் லோடுதான். சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் நிறைய வந்தன. உங்கள் அக்காவிடம் "இறக்குமதி" என்று சொன்னது அந்த வகையாகத்தான் இருக்கும்.

அதுவும் இப்போது மாறியிருக்கிறது. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007ல் வந்தது. போஷ், சீமென்ஸ் மெஷின்களைச் செய்யும் நிறுவனம் 2014ல் சென்னைக்குப் பக்கத்தில் ஃபிரன்ட் லோடுக்கென்றே ஆலை போட்டது. 2018 செப்டம்பரில், 10 கிலோவுக்குக் குறைந்த மெஷின்களுக்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அதே வருஷம் ஜூலையில்தான் ஜிஎஸ்டி 28லிருந்து 18க்கு இறங்கியிருந்தது. ஒரு பக்கம் உள்ளூர்ச் சரக்குக்கு வழி கிடைத்தது, இன்னொரு பக்கம் வாங்குகிறவருக்கும் மூச்சு விட முடிந்தது. 2021ல் ஏசிக்கும் எல்இடி விளக்குக்கும் 6,238 கோடி ரூபாயில் ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்களே, அதில் வாஷிங் மெஷின் கிடையாது. இருந்தும் இத்தனை ஆலைகள் இங்கே நிலைத்திருப்பதில் எனக்கு மனசார சந்தோஷம். புதுச்சேரியிலோ சென்னையிலோ செய்த சாமான் ராத்திரி லாரியில் ஏறினால் அடுத்த நாள் நாகர்கோவிலில் இறங்கிவிடும்.

வரி போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2018 ஜனவரியில் இறக்குமதி மெஷின்களுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டார்கள். சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை திறந்தன. வேலையும் கொஞ்சம் வந்தது. ஆனால் பின்னால் கணக்குப் போட்ட பொருளியல் ஆய்வாளர்கள், ஒரு மெஷினின் விலை ஏறத்தாழ 86 டாலர் கூடியதாகச் சொன்னார்கள். அந்த வரியே போடாத, துணி உலர்த்தும் டிரையரின் விலையும் 92 டாலர் ஏறியது, இரண்டையும் ஜோடியாக வாங்குவதுதான் அங்கே வழக்கம் என்பதால். உள்நாட்டில் செய்வதற்கான கூடுதல் செலவு கடைசியில் துணி துவைக்கிற வீட்டின் தலையில் விழக்கூடாது.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் தண்ணீரின் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கினால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல ஃபிரன்ட் லோடுகளுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், சில மாடல்களுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அதாவது தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷினின் குழாய்க்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். நீங்கள் மாடியிலேயே மெஷினை வைத்து, அதற்கு நேர் மேலே மொட்டைமாடியில் தொட்டியையும் வைத்தால் இது கிடைக்காது. தண்ணீர் ஏறவில்லை என்று மெஷின் பிழை காட்டும், நீங்கள் மெஷினைக் குறை சொல்வீர்கள். நான் பார்த்த "பழுது"களில் நிறைய இந்த ரகம்தான். தொட்டியை உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மெஷினைக் கீழே வையுங்கள்.

அடுத்தது கடல். குளச்சலிலிருந்து முட்டம் வரைக்கும் கடற்கரை வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ஃபிரன்ட் லோடின் டிரம்முக்குப் பின்னால் மூன்று கை வைத்த அலுமினிய வார்ப்பு ஒன்று இருக்கிறது. நாங்கள் ஸ்பைடர் என்போம். டிரம் துருப்பிடிக்காத எஃகு, இது அலுமினியம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் மெஷினுக்குள் ஸ்பைடர் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கடற்கரை வீட்டுக்காரர்கள், முடிந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வரும்படி குழாய் போடுங்கள். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வையுங்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் வேறொரு தொந்தரவு உண்டு. அங்கே கரையில் கிடக்கும் கருமணலில் இல்மனைட் என்ற தாது அதிகம். அதை எடுக்க மத்திய அரசின் ஆலையே இருக்கிறது. சாதாரண மணலைவிட அது நல்ல கனம், அதனால் தண்ணீரோடு வெளியே போகாமல் தொட்டியின் அடியிலும் பம்பிலும் தங்கிவிடும். கடலுக்குப் போய்வந்த துணியைக் கல்லில் ஒரு தடவை உதறி, வாளியில் அலசிவிட்டுப் போட்டால் பம்பு பல வருஷம் தாங்கும். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் வெட்டுகிற வீடுகளில் சட்டைப் பையில் ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) இருக்கிறதா என்று பாருங்கள். பம்பிலிருந்து அதை எடுத்திருக்கிறேன்.

அப்புறம் கரண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, மரங்கள் லைன் மேல் விழுந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. கரண்டு திரும்பி வந்த வாரத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலும் போர்டு எரிந்த மெஷின்கள்தான். புயல் என்றில்லை, ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் கரண்டு போவதும் வருவதும் இங்கே வழக்கம். மழை நாளில் துவைத்து முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கீழ்ப்பக்கம் எலி நுழையாமல் தட்டு இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். இந்தியாவுக்கென்று செய்த மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும். இங்கே செய்வதில் இந்த மாதிரி நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் பல வருஷம் நின்று உதவும்.

குளச்சலில் ஒரு வீடு. தோள்பட்டை வலியால் கல்லில் அடித்துத் துவைக்க முடியாமல்தான் அந்த அக்கா மெஷினே வாங்கினார். முழுக்க இறக்குமதி. ஐந்தாவது வருஷம், 2020ல், மேலே சொன்ன ஸ்பைடர் உடைந்தது. தனியாக ஸ்பைடர் கிடையாது, டிரம்மோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஊரடங்கு வேறு. நான்கு மாதம் நானும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பாகம் வராது என்று பதில் வந்தது. ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், எடைக்குப் போட்டார்கள். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றியது நான்தான். அந்த நான்கு மாதமும் அவர் கையால் துவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

இங்கே செய்தால் இந்தக் கஷ்டமே வராது என்று சத்தியம் பண்ண மாட்டேன். போர்டில் இருக்கும் சிப் இன்னும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. பல போர்டுகளை மேலே பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரமும் பல்லியும் அண்டாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ரிலே என்ற ஒரு சின்ன சுவிட்ச் போனாலும் முழுப் போர்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, வாஷிங் மெஷினின் முக்கியப் பாகங்களைக் குறைந்தது 10 வருஷம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நம் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. அது நல்ல தொடக்கம். அந்தப் பத்து வருஷம் இங்கேயும் சட்டமாக வேண்டும். நம் ஆலையில் செய்கிற மெஷினுக்கு நம் மெக்கானிக் கையில் பாகம் கிடைக்கவில்லை என்றால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே கடையில் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். தயாரிப்பாளரின் முகவரியும் தயாரித்த மாதமும் அதில் இருக்கும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மாடலைவிட இரண்டு மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்குப் பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

அந்தக் குளச்சல் அக்கா அடுத்து வாங்கியது தமிழ்நாட்டிலேயே செய்த, மேல்பக்கம் மூடி வைத்த ஒரு டாப் லோடு. போன ஐப்பசியில் இடி விழுந்து அதன் போர்டு போனது. பழைய நினைப்பில் முகம் வாடி, "தம்பி, இதையும் ஆக்கருக்குப் போட வேண்டியதுதானா?" என்றார். மதுரையிலிருந்து மூன்றாம் நாள் போர்டு வந்தது. நான் மாட்டிக் கொடுத்து, கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிஃபார்மை உள்ளே போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.